கழுத்தின் உச்சி எலும்பு முறிந்தால்: கொலரா, ஹேலோவா, ஸ்க்ரூவா?

சீ.டி. படத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் சொல்கிறார்: “கழுத்தில் இரண்டாவது எலும்பு முறிந்திருக்கிறது. ஒப்பரேஷன் செய்யலாம். செய்யாமல் மூன்று மாதம் கட்டி வைத்தும் பார்க்கலாம். வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்லுங்கள்.”

வாட்டுக்கு வெளியே நிற்கும் மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்றும் பிடிபடுவதில்லை. உள்ளே இருப்பவர் கை கால் அசைக்கிறார், பேசுகிறார், பசிக்கிறது என்கிறார். இப்படி இருக்கிறவருக்குக் கழுத்தில் ஒப்பரேஷனா என்று ஒரு திகைப்பு. விட்டுவிட்டால் நிரந்தரமாகப் படுக்கையில் விழுந்துவிடுவாரோ என்று ஒரு பயம்.

அவர் கை கால் அசைப்பதற்குக் காரணம் உண்டு. கழுத்தின் உச்சியில் எலும்புக் குழாய் அகலமானது. முதல் எலும்பின் வளையத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு இடத்தை இரண்டாவது எலும்பின் ‘பல்’ (அதிலிருந்து மேல்நோக்கி நீளும் முனை) பிடித்துக்கொள்கிறது. ஒரு பங்கில் முண்ணாண் என்கிற நரம்புத் தண்டு ஓடுகிறது. மிச்சம் ஒரு பங்கு வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் இப்போது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதே மட்டத்தில் முண்ணாண் நசுங்கினால் மூச்சே நின்றுவிடும். ஆகவே ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. முறிவு எங்கே, எவ்வளவு விலகியிருக்கிறது, எலும்பு எவ்வளவு உறுதி, வீடு எங்கே என்பவற்றை வைத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியில் சொன்ன வீட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மலையகத்தில் பாதி சிகிச்சை கெட்டுப்போகக்கூடிய இடம் அதுதான்.

## படம் எடுக்கும் வரை

பீலிக்கரையில் வழுக்கிக் குப்புற விழுந்த எழுபது வயது அம்மாயிக்கு நெற்றியில் காயம், பின்னங்கழுத்தில் வலி. இந்த இரண்டும் சேர்ந்தால் பல் முறிவைச் சந்தேகிக்க வேண்டும். நெற்றி மோதும்போது தலை பின்னால் மடங்கும், பல் அடியில் ஒடியும். வயதானவர்களுக்கு நின்ற நிலையில் விழுந்தாலே இது போதும். உயரத்திலிருந்து விழ வேண்டியதில்லை.

சுளுக்கு எடுக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. கழுத்தைச் சொடுக்குவது அறவே கூடாது. 65 வயதைத் தாண்டியவர் அடிபட்டால், அல்லது எந்த வயதினரும் மூன்று அடி உயரத்திலிருந்தோ ஐந்து படியிலிருந்தோ விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால், படம் எடுக்காமல் ‘வெறும் பிடிப்பு’ என்று விடக் கூடாது. பாதை லயத்துவரை வராவிட்டால் முதுகில் சுமந்து ஏற்றாமல், அகலப் பலகையிலோ கழற்றிய கதவிலோ நேராகக் கிடத்தி, ஒருவர் தலையை மட்டும் இரு கையாலும் பிடித்தபடி, நான்கு பேர் சேர்ந்து தூக்குங்கள். தலைக்கு இரு புறமும் மடித்த கம்பளியை அண்டை கொடுங்கள். தோளும் தலையும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று உண்டு. முதியவர்களின் தேய்ந்த எலும்பில் அது அடிக்கடி ஏமாற்றும். மெல்லிய வெட்டு சீ.டி. ஸ்கேன்தான் தீர்ப்புச் சொல்லும்.

## முடிவுக்கு அடிப்படை எது

எந்த எலும்பு, எந்த இடம். முதல் எலும்பு (சி1) ஒரு வளையம். தலைமேல் சுமை விழுந்தாலோ தலைகுப்புற விழுந்தாலோ அது இரண்டு மூன்று இடத்தில் வெடித்து விரியும். 1920 இல் இதை விவரித்த ஜெஃபர்சனின் பெயரால் ஜெஃபர்சன் முறிவு என்பார்கள். இரண்டாவது எலும்பில் (சி2) பல் முறியலாம், அல்லது பின்பக்க இரு தூண்களும் முறியலாம். பின்னதற்குத் ‘தூக்குப் போடுபவன் முறிவு’ என்று பெயர் இருந்தாலும் இன்று பெரும்பாலும் வாகன விபத்தில்தான் வருகிறது.

பல் முறிவை ஆண்டர்சன், டி’அலொன்ஸோ இருவரும் 1974 இல் மூன்றாகப் பிரித்தார்கள். நுனியில் முறிந்தால் முதல் வகை; அரிது. அடிக்கழுத்தில் முறிந்தால் இரண்டாம் வகை. கீழே எலும்பின் உடலுக்குள் இறங்கினால் மூன்றாம் வகை. குடும்பங்களைத் தூங்கவிடாதது இரண்டாம் வகை. அங்கே எலும்பு ஒட்டும் பரப்பு குறுகியது, பஞ்சு எலும்பு குறைவு, இரத்த ஓட்டமும் மெலிது. மூன்றாம் வகையில் பரப்பு அகலம் என்பதால் கட்டி வைத்தாலே பெரும்பாலும் ஒட்டிவிடும்.

குறுக்குத் தசைநார். பல்லைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்கும் பட்டை. எலும்பு ஒட்டும், நடுவில் அறுந்த இந்தத் தசைநார் ஒட்டாது. சி1 இன் இரு பக்கத் துண்டுகளும் சி2 ஐத் தாண்டி வெளியே தள்ளியிருக்கும் அளவைக் கூட்டினால் 7 மில்லிமீட்டர் வரும் என்றால் பட்டை அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். வளர்ந்தவரின் பல்லுக்கும் சி1 இன் முன்வளைவுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும் அதே சந்தேகம்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் நேராகவே தெரியும்.

விலகல். பல் 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால், குறிப்பாகப் பின்னால் நகர்ந்திருந்தால், வெறும் கட்டில் ஒட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். சிகிச்சை சில வாரங்கள் பிந்தினாலும் அப்படியே.

வயதும் எலும்பும். ஐம்பதைத் தாண்டினால் இரண்டாம் வகை முறிவு ஒட்டாமல் போகும் அபாயம் ஏறுகிறது. சீனி வியாதி, எலும்புத் தேய்வு, புகை எல்லாம் சேர்ந்து ஏற்றும். வெற்றிலையோடு வாயில் ஒதுக்கும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான். பீடி, சிகரெட் இல்லையே என்று வெற்றிலைப் பையை வாட்டுக்குள் கொடுத்தனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்காவது புகையிலையை நிறுத்தினால் எந்தச் சிகிச்சையும் கூடுதலாகப் பலிக்கும்.

கிளினிக்குக்கு வர முடியுமா. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு 77 கிலோமீட்டர், இறம்பொடை வளைவுகள் வழியே. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருவது தனிக் கணக்கு. ஒரு சிகிச்சைக்கு எத்தனை தடவை இறங்கி வர வேண்டும் என்பதை முதலிலேயே எண்ணுங்கள்.

திரும்ப என்ன வேலை. தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமப்பவரா, பஸ் ஓட்டுபவரா, தொழிற்சாலையில் நிற்பவரா, வீட்டில் இருக்கும் பெரியவரா?

## கொலர்

இங்கே சொல்வது கடையில் கிடைக்கும் ஸ்பொஞ்சு கொலரை அல்ல. அது கழுத்தை ஞாபகப்படுத்துமே தவிர நிறுத்தாது. தாடையையும் பிடரியையும் நெஞ்சையும் தாங்கும் கடினக் கொலர் வேண்டும். ஃபிலடெல்ஃபியா, மயாமி ஜே என்ற பெயர்களில் வருபவை போல. 8 முதல் 12 வாரம், இரவும் பகலும்.

விலகாத சி1 முறிவு, மூன்றாம் வகைப் பல் முறிவு, 3 மில்லிமீட்டருக்குள் விலகிய தூக்கு முறிவு ஆகியவற்றுக்கு இதுவே போதும். தசைநார் சரியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மறைந்த செலவு தோலில் இருக்கிறது. தாடைக்குக் கீழும் பிடரியிலும் புண் வரும். கழுத்து மெலிந்த முதியவர்களுக்குச் சில நாட்களிலேயே வந்துவிடலாம். ஈரக் காற்றும் பனியும் உள்ள இடத்தில் உள்மெத்தை காய்வதே இல்லை. மாற்று மெத்தை ஒரு சோடி கேட்டு வாங்கி, ஒன்றைத் துவைத்துக் காயவிட்டு மற்றதைப் போடுங்கள். மாற்றும்போது ஆள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து கழற்றுவது, குளிக்கும்போது ‘கொஞ்ச நேரம்தானே’ என்று அவிழ்ப்பது, இரண்டும் முறிவை நகர்த்தும்.

## ஹேலோ

மண்டையைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து நான்கு தண்டுகள், நெஞ்சைச் சுற்றிக் கவசம் போன்ற சட்டை. நான்கு ஊசிகள் தோலைத் துளைத்து மண்டையோட்டின் வெளிப்பரப்பில் பிடிக்கும். முன்னால் இரண்டும் புருவத்தின் வெளிப்பக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டரில் இறங்கும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே இதைப் பொருத்தலாம். வளர்ந்தவருக்கு 8 அங்குல-பவுண்ட் என்ற அளவுக்கு முறுக்கி, 24 முதல் 48 மணி நேரத்தில் ஒரு தடவை மறுபடி இறுக்குவார்கள்.

கட்டிவைக்கும் வழிகளில் மேல் கழுத்தை மிகவும் உறுதியாகப் பிடிப்பது இதுதான். ஒட்டிவிட்டால் கழற்றியபின் கழுத்து பழையபடி திரும்பும். கழுத்தில் வெட்டு இல்லை. அதிகம் விலகாத இரண்டாம் வகைப் பல் முறிவு உள்ள இளையவர்களுக்கும், தசைநார் எலும்புத் துண்டோடு பெயர்ந்த சி1 முறிவுக்கும் பொருந்தும்.

ஆனால் ஹேலோ போட்டவருக்குத் தன் கால் தெரியாது. குனிய முடியாது. லயத்து வாசல் படி, கான், பீலிக்குப் போகும் சறுக்கல் பாதை எதையும் பார்த்து நடக்க முடியாது. தலைப்பாரமும் மேலே ஏறியிருப்பதால் ஒருமுறை தடுக்கினால் விழுந்தேவிடுவார். தாழ்ந்த வாசலில் வளையம் இடித்தால் ஊசி இளகும். அடுப்படியில் குனிந்து ஊத முடியாது. மல்லாந்து படுக்கத் தலைக்கும் தோளுக்கும் நடுவே சுருட்டிய துணி அண்டை வேண்டும். சட்டையின் உள்ளே இருக்கும் கம்பளித் தோலை நனைக்கக் கூடாது. மழையில் வரும்போது நனைந்தால் முதுகில் புண் பிடிக்கும். ஊசி இறங்கிய நான்கு இடங்களையும் தினமும் உப்புநீரால் துடைக்க வேண்டும். சிவந்து சீழ் கசிந்தாலோ, மெல்லும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தாலோ ஊசி இளகியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே போக வேண்டும், அடுத்த கிளினிக் திகதிவரை வைத்திருக்கக் கூடாது.

சட்டையின் முன்பக்கத்தில் ஒரு சிறிய ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். நெஞ்சை அமுக்கி உயிர் காக்க வேண்டி வந்தால் சட்டையைத் திறப்பதற்கு. பிள்ளைகள் எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதியவருக்கு ஹேலோ வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. விழுங்குவது சிரமமாகி, உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நியூமோனியா வரும், படுத்த படுக்கையாவார். முறிவு ஒட்டும்போது ஆள் இருக்க வேண்டுமே.

## முன்பக்க ஸ்க்ரூ

பல்லின் முறிந்த துண்டை அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூவால் இழுத்துப் பிடிப்பது. தொண்டைக்குக் கீழே பக்கவாட்டில் சிறிய வெட்டு. அங்கிருந்து மேல்நோக்கி, சி2 இன் கீழ் விளிம்பில் நுழைந்து, முறிவைக் கடந்து பல்லின் நுனிவரை போகும். ஸ்க்ரூவின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். ஒன்று போதும், சிலர் இரண்டு போடுவார்கள். நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரேயைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். இரண்டு சி-ஆர்ம் இயந்திரங்கள் இருந்தால் நல்லது.

இதன் பெரிய ஆதாயம் கழுத்துத் திருப்பல் போகாதது. தலையை இடமும் வலமும் திருப்புவதில் ஏறத்தாழ பாதி சி1க்கும் சி2க்கும் நடுவே நடக்கிறது. இந்த ஒப்பரேஷன் அந்த மூட்டைப் பூட்டுவதில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் எல்லோருக்கும் முடியாது. முறிவு புதிதாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் பிந்தியதில் துண்டுகளின் நடுவே நார் வளர்ந்துவிடும். துண்டை முதலில் நேரே கொண்டுவர முடிய வேண்டும். குறுக்குத் தசைநார் அறுந்திருக்கக் கூடாது. பல்லை ஒட்டவைத்தாலும் சி1 நகர்ந்துகொண்டே இருக்கும். முறிவுக்கோடு கிடையாகவோ, முன்னாலிருந்து பின்னோக்கிக் கீழே சரிந்தோ இருந்தால் ஸ்க்ரூ அதைக் கிட்டத்தட்ட செங்குத்தாகக் கடந்து துண்டை இறுக்கும். எதிர்ச் சரிவாக, பின்மேலிருந்து முன்கீழாக ஓடினால் ஸ்க்ரூ இறுக்க இறுக்கத் துண்டு சறுக்கி முன்னே வழியும். சீ.டி. பக்கவாட்டுப் படத்தில் இந்தச் சரிவை நீங்களே காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

கழுத்து குட்டை, நெஞ்சு பீப்பாய் போல் உயர்ந்தவர் என்றால் நெஞ்சு இடிக்கும்; ஸ்க்ரூவுக்குக் கோணம் கிடைக்காது. எலும்பு தேய்ந்தவருக்குச் சி2 இன் முன்விளிம்பை ஸ்க்ரூ அறுத்துக்கொண்டு வெளியே வரும். அதோடு உணவுக்குழலை ஒதுக்கிப் பிடித்துச் செய்வதால், சில நாள் விழுங்கக் கஷ்டம் வரும். இளையவர் கஞ்சியோடு சமாளிப்பார். எண்பது வயதுக்காரருக்கு அதுவே நியூமோனியாவின் வாசல்.

## பின்பக்கமாகச் சி1–சி2 பூட்டுதல்

குப்புறக் கிடத்தி, தலையை மூன்று ஊசிக் கவ்வியில் நிறுத்தி, பிடரியின் நடுவே திறந்து, சி1 இல் இரண்டு, சி2 இல் இரண்டாக நான்கு ஸ்க்ரூ போட்டு, இரு புறமும் கம்பியால் இணைப்பார்கள். மும்பையில் அதுல் கோயல் 1994 இல் தகடும் ஸ்க்ரூவுமாக இந்த வழியை வெளியிட்டார்; 2001 இல் ஹார்ம்ஸும் மெல்ச்சரும் கம்பி வைத்து மாற்றியமைத்தார்கள். இன்று கோயல்–ஹார்ம்ஸ் முறை என்று சொல்வது இதைத்தான். ஸ்க்ரூவும் கம்பியும் தற்காலிகப் பிடிமானம். நிரந்தரமாக ஒட்டுவது நடுவே வைக்கும் எலும்பு. அதை இடுப்பெலும்பிலிருந்து எடுத்தால், கழுத்தைவிட இடுப்பே பல வாரம் வலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்வோர் குறைவு.

விலகிய இரண்டாம் வகை, எதிர்ச் சரிவு முறிவு, தசைநார் அறுந்தது, பிந்தி வந்தது, கட்டிப் பார்த்தும் ஒட்டாதது ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே உறுதியான வழி. நன்கு செய்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒட்டும். தேய்ந்த எலும்பிலும் நான்கு ஸ்க்ரூ ஒன்றையொன்று தாங்கும்.

விலை, திருப்பலில் பாதி. பஸ், லொறி, த்ரீவீல் ஓட்டுபவர் பின்னால் பார்க்க இடுப்போடு திரும்ப வேண்டிவரும். கொழுந்து பறிப்பவருக்கு அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அவர் உடலோடு திரும்பித்தான் வேலை செய்கிறார். அவருக்கு வரும் தடை கூடைக் கயிறு. உச்சந்தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கும் பாரம் முழுதும் கழுத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. எந்தச் சிகிச்சை செய்தாலும், படத்தில் எலும்பு ஒட்டியதாகத் தெரிந்து டொக்டர் சம்மதிக்கும்வரை அது கூடாது. பூட்டிய கழுத்தோடு தலைச்சுமைக்குத் திரும்பவே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். பூட்டிய மூட்டின் வேலையை அடுத்த மூட்டுகள் சுமக்கின்றன. தோளில் மாட்டும் பை, தொழிற்சாலை, நாற்றுமேடை போன்ற வேலைக்கு மாற்றித் தரும்படி வைத்தியச் சான்றோடு தோட்ட நிர்வாகத்தை எழுத்தில் கேளுங்கள்.

அபாயங்களில் முதன்மை, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனி. சி2 வழியாக அது வளைந்து ஏறும் பாதை ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒப்பரேஷனுக்கு முன் மருந்து ஏற்றிய சீ.டி. எடுத்து அந்தப் பாதையைப் பார்ப்பது நல்லது. சி2 நரம்பைச் சுற்றிய இரத்தநாளப் பின்னலிலிருந்து நிறையக் கசியலாம். ஒப்பரேஷனுக்கு முன் ஹீமோகுளோபின் குறைவா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இரத்தசோகை சகஜமாக உள்ள தோட்டப் பெண்களுக்கு இது முக்கியம். பிடரியில் கையளவு இடம் மரத்துப்போவது அடிக்கடி வருவது, ஆபத்தில்லை.

இளையவருக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. எலும்பு வைக்காமல் ஸ்க்ரூவால் மட்டும் பிடித்து, முறிவு ஒட்டியபின் கழற்றிவிட்டால் திருப்பலில் பெரும் பங்கு மீளும். இரண்டாவது ஒப்பரேஷனுக்குச் சம்மதம் வேண்டும்.

பழைய வழிகளைச் சுருக்கமாக: கம்பி சுற்றிக் கட்டுவது (கேலி 1939 இல் சொன்னது) சி1 இன் பின்வளைவு முறியாதிருந்தால்தான் முடியும், பின்னர் ஹேலோவும் தேவைப்படலாம். சி2 இலிருந்து மூட்டைக் கடந்து சி1க்குள் ஏற்றும் மாகெர்ல் ஸ்க்ரூ உறுதியானது. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் தமனி குறுக்கே நிற்கும்.

## மற்ற இரண்டு

தலையோட்டோடு பூட்டுதல். மண்டையின் அடியும் சி1 உம் பிரிந்திருந்தால், அல்லது சி1 சிதறி ஸ்க்ரூவுக்கு இடமில்லை என்றால் மட்டும். திருப்பலோடு தலையாட்டலிலும் பெரும்பகுதி போகும். தலையைக் குனிந்த கோணத்தில் பூட்டிவிட்டால் விழுங்குவதும் மூச்சும் சிரமமாகும். வேறு வழி இருக்கும்போது இதை ஏற்காதீர்கள்.

தூக்கு முறிவுக்கு. அதிகம் விலகியது, மூட்டுப் பூட்டிக்கொண்டது என்றால் சி2–சி3 ஐ முன்பக்கத் தகட்டால் அல்லது பின்பக்க ஸ்க்ரூவால் இணைப்பார்கள். இங்கே திருப்பல் அதிகம் போகாது. ஓர் எச்சரிக்கை: இந்த முறிவில் ஒரு வகைக்குத் தலையில் பாரம் தொங்கவிட்டு இழுத்தால் இடைவெளி இன்னும் விரியும். படம் பார்க்காமல் இழுவை போடக் கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது மேல் | கழுத்துத் திருப்பல் | எண்ணாமல் வரும் செலவு |
|---|---|---|---|
| கடினக் கொலர் | விலகாத சி1, மூன்றாம் வகைப் பல், தளர்ந்த முதியவர் | காக்கப்படும் | தோல் புண். இரண்டாம் வகை ஒட்டாமல் போகலாம் |
| ஹேலோ | அதிகம் விலகாத இரண்டாம் வகை, 50 வயதுக்குள், வீட்டில் துணை உண்டு | காக்கப்படும் | ஊசிப் புண், விழும் அபாயம், பல கிளினிக் பயணம் |
| முன்பக்க ஸ்க்ரூ | புதிய இரண்டாம் வகை, சரிவு பொருந்தும், எலும்பு உறுதி | காக்கப்படும் | விழுங்கச் சிரமம். தேய்ந்த எலும்பில் ஸ்க்ரூ பெயரும் |
| பின்பக்கச் சி1–சி2 | தசைநார் அறுந்தது, பெரிய விலகல், பிந்தியது, ஒட்டாதது | ஏறத்தாழ பாதி போகும் | தமனி, இரத்த இழப்பு, இடுப்பு வலி |
| தலையோட்டோடு பூட்டல் | மண்டை–சி1 பிரிவு, சிதறிய சி1 | பாதிக்கு மேல் போகும், தலையாட்டலும் | விழுங்கல், படி இறங்கப் பார்வை |

## குழப்பம் அதிகம் வரும் மூன்று இடங்கள்

*28 வயது, த்ரீவீல் ஓட்டுபவர், இரண்டாம் வகை, 3 மில்லிமீட்டர் விலகல், தசைநார் சரி.* ஹேலோவும் முன்பக்க ஸ்க்ரூவும் இரண்டும் பொருந்தும். சரிவு சாதகமாக இருந்து, அந்த ஒப்பரேஷனை வழக்கமாகச் செய்யும் குழு இருந்தால் ஸ்க்ரூ மேல். ஏழெட்டு வாரம் கொலரோடு முடிந்துவிடலாம், திருப்பலும் தங்கும். அப்படிக் குழு இல்லாவிட்டால் ஹேலோ. ஆனால் அவர் டவுனுக்குக் கிட்டே, படி இல்லாத ஓர் உறவினர் வீட்டில் மூன்று மாதம் தங்க வேண்டும்.

*45 வயது, கொழுந்து பறிப்பவர், 7 மில்லிமீட்டர் பின்விலகல்.* கட்டி வைத்துப் பார்ப்பது காலத்தை வீணாக்கும். பின்பக்கப் பூட்டலுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஹேலோவில் இருந்து, ஒட்டாமல் போய், பின்பு அதே ஒப்பரேஷனுக்கு வந்தால் இரண்டு தடவை பேர் (வேலை நாள் கணக்கு) போகும், சம்பளம் போகும்.

*82 வயது அம்மாயி, இரண்டாம் வகை, நெஞ்சு பலவீனம்.* கடினமானது இதுதான். ஒப்பரேஷனும் ஆபத்து, சும்மா இருப்பதும் ஆபத்து. நடமாடிக்கொண்டிருந்தவர், மயக்க மருந்தைத் தாங்குவார், விலகல் பெரிது என்றால் பின்பக்கப் பூட்டல் நியாயம். ஏற்கெனவே தளர்ந்தவர் என்றால் கொலர். அப்போது இலக்கும் மாறுகிறது. எலும்பு ஒட்டாவிட்டாலும் நடுவே நார் பிடித்து அசையாமல் நின்றால் அதையே ஏற்பார்கள். ‘ஒட்டவில்லை’ என்று படத்தில் வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

## கையெழுத்துப் போடுமுன்

ஒப்புதல் படிவம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த டொக்டரையோ மிஸ்ஸியையோ கூப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை:

- எத்தனையாவது வகை, எத்தனை மில்லிமீட்டர் விலகல், எந்தப் பக்கம்?
- குறுக்குத் தசைநார் சரியா? அதை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்?
- மீதி முள்ளந்தண்டையும் படம் எடுத்தாயிற்றா? ஒரு முறிவு இருந்தால் கீழே இன்னொன்று இருக்கலாம்.
- இங்கேயே செய்வீர்களா, கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவீர்களா? அனுப்பினால் எந்தக் கட்டோடு?
- ஸ்க்ரூ, கம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, வெளியே வாங்க வேண்டுமா? டைட்டேனியமா?

அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் கட்டணம் இல்லை. உபகரணம் வெளியே வாங்கச் சொன்னால் விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கி, பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பற்றி விசாரியுங்கள். வேலையில் நடந்த விபத்து என்றால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோரலாம். அதற்குத் தோட்ட அலுவலகப் பதிவு வேண்டும்: திகதி, நேரம், எந்த மலை, யார் பார்த்தது. ஆஸ்பத்திரி டிக்கட்டிலும் ‘வீட்டில் விழுந்தார்’ என்று தவறாக எழுதப்படாமல் பாருங்கள்.

## வீட்டுக்கு வந்தபின்

கைகால் பலவீனம் உள்ளவர்களுக்கு ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் தொடர் பயிற்சி உண்டு. வாட்டிலிருந்தே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மற்றவர்களுக்கு 6 வாரம், 12 வாரம் என்று எக்ஸ்ரே. கொலர் கழற்றும் முன் தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படம் ஒன்று தேவை. அதில் துண்டு அசையாவிட்டால்தான் கழற்றலாம். இந்தப் படத்துக்கு வராமல் வீட்டிலேயே கழற்றிவிடுவதுதான் நடக்கவே கூடாதது.

ஒட்டாத முறிவு சில வேளை மாதங்கள், ஆண்டுகள் கழித்து முண்ணாணை மெல்ல நெரிக்கும். வலி அதிகம் இராது. சட்டைப் பொத்தான் போட நேரம் எடுக்கும். கொழுந்து கிள்ளும்போது இரண்டு இலையும் மொட்டும் விரலுக்குள் நில்லாமல் நழுவும். படியில் கால் தடுமாறும், தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடித்தது போலிருக்கும். சிறுநீரை அடக்க முடியாமல் போகும். ‘வயசாகிவிட்டது’ என்று விடாமல், பழைய கிளினிக் கொப்பியையும் சீ.டி. படத்தையும் எடுத்துக்கொண்டு அதே வாரம் கிளம்புங்கள்.